கணவாய் வழியே வந்த பஞ்சாலை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகள் பற்றி ஒரு பாடம். அதற்கு அடுத்ததே மானுடப் புவியியல். டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவர்களில் பலர் மலை, ஆறு, மண்ணை ஒரு நோட்டிலும், பயிர், ஆலை, மக்கள்தொகையை வேறொரு நோட்டிலும் எழுதி, தனித்தனியாக உருப்போடுகிறார்கள். படித்தது பரீட்சை ஹாலில் கைகொடுக்காமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்த இரண்டு நோட்டுகள்தான்.

கோயம்புத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒன்வேர்டு. ஏன் கோயம்புத்தூர்? அட்லஸில் இயற்கையமைப்பு வரைபடத்தை விரித்துப் பாருங்கள். நீலகிரிக்குத் தெற்கே, ஆனைமலைக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் பழுப்பு நிறம் சட்டென்று அறுந்திருக்கும். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-இல் அந்த வழியாகத்தான் பேப்பூரை எட்டியது. கணவாய்க்குக் கிழக்கே கரிசல் மண், அதில் பருத்தி. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. ஆனால் ஆலைகள் சரசரவென்று பெருகியது 1930-களில், பைக்காரா மின்சாரம் வந்த பிறகு. நீலகிரியின் செங்குத்துச் சரிவில் 900 மீட்டருக்கும் மேல் தண்ணீர் இறங்கித் தந்த மின்சாரம் அது. மலை, மண், ஆறு, ஆலை எல்லாம் ஒரே பக்கத்துக்குள் வந்துவிட்டன. அதே கணவாயில் ஜூன் தொடங்கி வீசும் காற்றுக்குத்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன.

காற்றைப் பற்றிப் பேசும்போது, தேர்வர்கள் அதிகம் வழுக்கி விழும் 'கூற்று – காரணம்' வகைக் கேள்வியையும் பார்த்துவிடலாம். கூற்று: தமிழகக் கடலோரம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதிக மழை பெறுகிறது. காரணம்: தமிழ்நாட்டின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளது. இரண்டும் சரி. ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. மழைமறைவு விளக்குவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறட்சியை. அக்டோபர் மழையைக் கொண்டுவருவது வங்கக் கடலில் ஈரம் வாங்கி வரும் வடகிழக்குக் காற்று. வரிகளை மட்டும் உருப்போட்டவர் 'இரண்டும் சரி, சரியான விளக்கம்' என்று ஷேட் செய்துவிட்டு வருவார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

எண்கள் தனிக் கதை. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்றே தலைமுறை தலைமுறையாகப் படித்தோம். இப்போது அரசு தரும் கணக்கு 11,098 கிலோமீட்டருக்கும் மேல். நிலம் வளரவில்லை, வளைவு நெளிவுகளை இன்னும் நுணுக்கமாக அளந்ததால் நீளம் கூடிவிட்டது. மாவட்டக் கணக்கிலும் இதே வம்பு உண்டு. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. சென்னை மாவட்டத்தின் பரப்பே 2018-இல் விரிந்துவிட்டது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 555 என்று நோட்டில் எழுதினால், பக்கத்திலேயே 2011 என்றும் எழுதுங்கள். ஆண்டில்லாத எண்ணை நோட்டில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

கைடுகளுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்குக்கு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எழுத்தில்லாத மேப் தாள்களை வாங்கலாம். முதலில் மலையும் ஆறும், அதன்மேல் மண், பிறகு பயிர், கடைசியில் ஊர். கோயம்புத்தூர் முடிந்ததும் சிவகாசியைக் குறியுங்கள். மழை குறைந்த, வெயில் காயும் பூமி. விவசாயத்தை நம்பிப் பிழைக்க முடியாத ஊர். 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தபோது, பயிருக்கு ஆகாத அந்த வறண்ட காற்றே குச்சி காய்வதற்குத் தோதாக அமைந்தது. பிறகு தூத்துக்குடிக்குப் போங்கள். உப்பளங்களுக்கான காரணத்தை அதே தாளில் நீங்களே எழுதிவிடுவீர்கள்.