தோள் தளரட்டும், சட்டமும் தெரியட்டும்

மலேசியாவின் ஈப்போவில் ஒருவரைப் பார்த்து "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ" என்றால் அதை யாரும் வழி சொன்னதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 1911-இல் அங்கே திறந்த மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என்று பெயர். பெயர் மாறியும் கேலி மாறவில்லை. அந்தக் கேலிக்குப் பயந்தே படபடப்பும் தூக்கமின்மையும் பல வீடுகளில் வெறும் "உடம்பு அசதி" ஆகிவிடுகின்றன. கழுத்துப் பிடிப்பா? தைலம் தேய்த்துப் படு!

ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கு மாறியதால், லயத்தை விட்டு ஈப்போவின் புந்தோங் பக்கம் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். விடியற்காலைப் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) போய், இரவு ஷிப்ட் வந்தது. உடல் இறுக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

தசை இறுகியிருப்பதே பலருக்குத் தெரியாது. சிக்காகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் இதைக் கவனித்துத் தசைத் தளர்வுப் பயிற்சியை உருவாக்கி, 1929-இல் நூலாக்கினார். அவருடைய முறைக்குப் பல மாதங்கள் பிடிக்கும். பின்னாளில் ஜோசப் வோல்ப் அதைச் சுருக்கினார்.

செய்வது எளிது. நாற்காலியில் சாய்ந்து, வலது கையை ஐந்து விநாடி இறுக மூடுங்கள். முன்கை விறைப்பதைக் கவனித்துவிட்டு, சட்டென்று விட்டுவிடுங்கள். விரல்கள் தாமாக விரிந்து கை கனத்து விழும். அந்தக் கனத்தை இருபது விநாடி உணர்ந்தபின் அடுத்த கை, நெற்றி, தாடை, தோள், வயிறு, தொடை, பாதம். பதினைந்து நிமிடம் போதும். ஒரே நாளில் பலிக்காது, தினமும் செய்ய வேண்டும்.

மூச்சை அடக்கக் கூடாது, குறிப்பாக இரத்த அழுத்தம் உள்ளவர்கள். அடிபட்ட இடத்தையும் அறுவை செய்த இடத்தையும் விட்டுவிடுங்கள். கெண்டைக்காலை அளவுக்கு மீறி இறுக்கினால் குரக்கை பிடிக்கும். சிலருக்குத் தளரும்போதே பதற்றம் கூடுவதுண்டு. அவர்கள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லலாம். நெஞ்சு வலித்தால் பயிற்சி கிடக்கட்டும், 999-ஐ அழையுங்கள்.

இந்தப் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பதிவு இருக்கிறதா? 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, ஆலோசகராகத் தொழில் செய்பவர் அதற்கான வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அரசாங்கக் கிளினிக்கிலோ குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. அங்கே மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு மூன்றையும் கணிக்கும் 21 கேள்விகள் கொண்ட படிவமும் உண்டு.

முதலாளி பிழிவதால் வந்த இறுக்கத்துக்குத் தோளைத் தளர்த்தி என்ன பயன்? 2023 ஜனவரியிலிருந்து, வார வேலை நேர வரம்பு 45 மணி. மாதம் 4,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு சாதாரண வேலை நாளில் மிகைநேர ஊதியம் ஒன்றரை மடங்கு. தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

உயிரை விடும் எண்ணம் வந்தவர்கள் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். போலீஸ் வழக்கு வருமோ என்று இனி ஒளிக்க வேண்டியதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.