பருத்தி மாரிலிருந்து டீசல் கிடைக்குமா?

பருத்தி மார், கடலைத் தொலி, மக்காச்சோளத் தட்டை, சீமைக்கருவேல் விறகு, தேங்காய்ச் சிரட்டை போன்ற பொருட்களிலிருந்து எண்ணெய் எடுக்கலாம் என்ற செய்தி இப்பொழுது விவசாயிகளிடையே அடிக்கடி பேசப்படுகிறது. இது கற்பனை அல்ல. மரத்தூளிலிருந்து ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் எண்ணெய் எடுக்கும் ஆலைகள் ஐரோப்பிய நாடுகளில் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் அவ்வாறு கிடைப்பது கச்சா எண்ணெயே தவிர டீசல் அன்று. அதைச் செம்மைப்படுத்தி எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருளாக மாற்றுவதே கடினமான வேலை. இந்த வேறுபாட்டை அறிந்து கொண்டால், எந்தக் கழிவை விற்கலாம், எதை நிலத்திலேயே விட வேண்டும், எந்த விளம்பரத்தை நம்பக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெளிவாகும்.

குழித்தைலமும் கரி மூட்டமும்

இம்முறையின் அடிப்படை நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த வைத்தியத்தில் குழித்தைலம் இறக்குவார்கள். அடியில் துளையிட்ட பானையில் சிரட்டையையோ மரத்துண்டையோ இட்டு, வாயை மூடிச் சீலை மண் பூசி, சுற்றிலும் எரு மூட்டினால், கீழே புதைத்த கலத்தில் கருநிறத் தைலம் சொட்டும். படைக்குத் தடவும் சிரட்டைத் தைலம் இவ்வாறு எடுக்கப்படுவதே.

இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேல் விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். நான்கைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி கிடைக்கிறது. மீதிப் பொருளில் பெரும்பகுதி புகையாக வானத்துக்குப் போகிறது. கண்ணை எரிக்கும் அந்தப் புகையைக் குளிர வைத்தால் கிடைப்பதுதான் தாவரக் கச்சா எண்ணெய்.

மூட்டத்தில் விறகு பல நாட்கள் மெதுவாக வேகிறது. ஆகையால் கரி அதிகம், எண்ணெய் குறைவு. ஆலையில் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். 10 சதவிகிதத்துக்கு மேல் ஈரமில்லாமல் உலர்த்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுக்குத் தூளாக்கிய பொருளைக் காற்று புகாத கலத்தில் ஏறத்தாழ 500 டிகிரி சென்டிகிரேடுக்கு நொடிப்பொழுதில் சூடாக்குகிறார்கள். எழும் ஆவியை இரண்டு வினாடிக்குள் குளிர வைக்கிறார்கள். 100 கிலோ உலர்ந்த மரத்தூளுக்கு 60 முதல் 75 கிலோ வரை கச்சா எண்ணெயும், 12 முதல் 20 கிலோ வரை கரியும் கிடைக்கின்றன. மீதி வாயுவாகிறது. கரியையும் வாயுவையும் எரித்தே ஆலை தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பெற்றுக்கொள்கிறது.

அப்படியே ஊற்றினால் என்ன ஆகும்?

இந்த எண்ணெய் பார்வைக்குக் காப்பி டிகாக்‌ஷன் போல் இருக்கும். புகை நெடி வீசும். இதைப் பம்பு செட் ஆயில் எஞ்சினில் ஊற்றலாமா என்றால், கூடவே கூடாது. காரணங்கள் வருமாறு:

1. இதில் 15 முதல் 30 சதவிகிதம் வரை தண்ணீர் கலந்துள்ளது. தெளிய வைத்தால் பிரியாத தண்ணீர் அது.

2. எலுமிச்சைச் சாற்றை ஒத்த புளிப்பு உடையது. காடியில் உள்ள அமிலம் இதிலும் உண்டு. சாதாரண இரும்பையும், ரப்பர் வளையங்களையும் அரித்துவிடும்.

3. எடையில் 35 முதல் 40 சதவிகிதம் பிராணவாயு. பெட்ரோலியக் கச்சா எண்ணெயில் இது 1 சதவிகிதத்துக்கும் குறைவு. பிராணவாயு சேர்ந்த பொருள் ஏற்கெனவே ஓரளவு எரிந்துவிட்ட பொருளுக்குச் சமம். எனவே கிலோவுக்கு 4,000 கிலோ கலோரியை ஒட்டியே வெப்பம் தருகிறது. டீசல் தருவதோ 10,000 கிலோ கலோரிக்கு மேல்.

4. டீசலோடு கலவாது. எண்ணெயும் தண்ணீரும் போல் பிரிந்து நிற்கும்.

5. நாளாக ஆகத் தடித்துக்கொண்டே போகும். 80 டிகிரி சூட்டில் ஒரு நாள் வைத்திருந்தால், சாதாரண வெப்பநிலையில் ஓராண்டு வைத்திருந்த அளவுக்கு இறுகிவிடும்.

பெட்ரோலியத்தைப் போல் காய்ச்சி வடித்துப் பிரிக்கலாம் என்றாலும் முடியாது. சூடேற்றும்பொழுதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாரும் கரியுமாக இறுகிக் கலத்தில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினின் இன்ஜெக்டர் நாசில் அடைபடுவதும் இதனால்தான்.

இருப்பினும் பாய்லருக்கு இது உதவும். பர்னரையும் குழாய்களையும் துருப்பிடிக்காத உலோகத்தில் அமைத்துக் கொண்டால் உலை எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கலாம். நெதர்லாந்து நாட்டின் ஹெங்கலோ நகரில் 2015-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, மணிக்கு 5 டன் மரத்தூளை எண்ணெயாக மாற்றும் திறனுடன் அமைக்கப்பட்டது. அந்த எண்ணெய் பால் பொருள் தொழிற்சாலை ஒன்றில் இயற்கை வாயுவுக்குப் பதிலாக நீராவி தயாரிக்க எரிக்கப்பட்டது. செம்மைப்படுத்தாமலே இந்த எண்ணெய்க்கு உள்ள நேர்வழி இதுவே.

செம்மைப்படுத்தும் மூன்று வழிகள்

எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருள் வேண்டுமானால் பிராணவாயுவை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஹைட்ரஜன் ஏற்றும் முறை. ஹைட்ரஜன், எண்ணெயில் உள்ள பிராணவாயுவைப் பிடித்துத் தண்ணீராக மாற்றி வெளியேற்றுகிறது. 16 கிலோ பிராணவாயுவை நீக்க 2 கிலோ ஹைட்ரஜன் தேவை. இதற்குக் கோபால்ட், நிக்கல், மாலிப்டினம் போன்ற உலோகங்களைக் கொண்ட வினையூக்கிகள் பயன்படுகின்றன. கச்சா எண்ணெயை எடுத்த எடுப்பில் கடும் சூட்டுக்குக் கொண்டு சென்றால் இறுகிவிடும். எனவே முதலில் 250 டிகிரிக்குக் குறைந்த சூட்டில் ஹைட்ரஜன் ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு 350 முதல் 400 டிகிரி வரை சூடேற்றி வேலையை முடிக்கிறார்கள். அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் 100 முதல் 200 மடங்கு. லாரி டயரில் இருக்கும் அழுத்தம் ஏழெட்டு மடங்கே என்பதை நினைத்தால் இந்தக் கலத்தின் வலிமை எப்படி இருக்க வேண்டும் என்பது புரியும். இறுதியில் கிடைக்கும் எண்ணெய் பெட்ரோலியத்தை ஒத்தது. அதைக் காய்ச்சி வடித்துப் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எனப் பிரிக்கலாம். இதில் ஒரு விந்தை உண்டு. இவ்வகை வினையூக்கிகள் கந்தகம் ஏறிய நிலையில்தான் நன்கு வேலை செய்கின்றன. தாவர எண்ணெயில் கந்தகம் மிகக் குறைவாதலால், பெட்ரோலியத்தில் பாடுபட்டு நீக்கும் கந்தகத்தை இங்கே வலிந்து சேர்க்க வேண்டியுள்ளது.

இரண்டாவது, ஜியோலைட் முறை. ஆவி குளிர்வதற்கு முன்பே அதை ஜியோலைட் என்னும் நுண்துளைத் தாதுவின் மீது செலுத்துகிறார்கள். பிராணவாயு, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்து போகிறது. ஹைட்ரஜனும் உயர் அழுத்தமும் தேவையில்லை. ஆனால் எண்ணெயில் இருக்க வேண்டிய கரிச்சத்தும் அதோடு போய்விடுவதால் விளைச்சல் குறைவு. துளைகளில் கரி படிந்து ஜியோலைட் விரைவில் செயலிழக்கும். அடிக்கடி எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையில் சிறிதளவு கலந்துவிடும் முறை. ஹைட்ரஜனும் வினையூக்கியும் அங்கே ஏற்கெனவே உள்ளன. ஸ்வீடனில் யெவ்லெ நகரின் மரம் அறுக்கும் ஆலையை ஒட்டி 2021-ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டன் கச்சா எண்ணெய் எடுக்கும் அளவில் அமைந்தது. எண்ணெயை லீசெஷில் என்னும் இடத்திலுள்ள பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பி, பெட்ரோலியத்தோடு சேர்த்துச் சுத்திகரிப்பதே அதன் திட்டம். தூள் அறுவை ஆலையின் வாசலிலேயே கிடைப்பது இத்திட்டத்தின் பெரிய வசதியாகும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஹைட்ரஜன் முறையில் 100 கிலோ உலர்ந்த மரத்திலிருந்து, எல்லாம் செம்மையாக நடந்தால், 25 கிலோவை ஒட்டியே எரிபொருள் கிடைக்கும். ஏக்கருக்கு ஒரு டன் உலர்ந்த பருத்தி மார் கிடைப்பதாகவும், மரத்துக்குச் சொன்ன கணக்கே அதற்கும் பொருந்துவதாகவும் வைத்துக்கொண்டாலும் 250 கிலோ, அதாவது சுமார் 300 லிட்டருக்கு மேல் போகாது. மார் பிடுங்கும் கூலி, உலர்த்துவது, தூளாக்குவது, வண்டி வாடகை, ஹைட்ரஜன், வினையூக்கி ஆகிய செலவு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சான்று. மிஸிஸிபி மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் நாளொன்றுக்கு 500 டன் பைன் மரத்தைப் பெட்ரோலாகவும் டீசலாகவும் மாற்றுவதற்கென அமைந்த ஆலை 2012-ஆம் ஆண்டு வேலையைத் தொடங்கியது. எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. ஆலை அடிக்கடி நின்றது. 2014-ஆம் ஆண்டு அந்நிறுவனம் திவாலாயிற்று. ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்றது ஆலையிலும் வெற்றி பெறும் என்று சொல்வதற்கில்லை.

எந்தக் கழிவு ஏற்றது?

சாம்பல் குறைந்த பொருளே ஏற்றது. சாம்பலில் உள்ள பொட்டாசியம், ஆவியை மேலும் உடைத்து எண்ணெயைக் குறைத்துத் தண்ணீரையும் வாயுவையும் கூட்டிவிடுகிறது. வினையூக்கியையும் கெடுக்கிறது. சிரட்டை, சீமைக்கருவேல், சவுக்கு, மரத்தூள் ஆகியவற்றில் சாம்பல் குறைவு. பருத்தி மாரும் கடலைத் தொலியும் நடுத்தரம். மண் ஒட்டியிருந்தால் அவையும் கெடும். நெல் வைக்கோலிலும் உமியிலும் சாம்பல் மிக அதிகம். அவை இதற்கு ஏற்றவை அல்ல.

வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை போன்ற ஈரப் பொருட்களை உலர்த்துவதற்கே வெப்பம் வீணாகும். அவற்றை 300 டிகிரிக்கு மேல் உயர் அழுத்தத்தில் வெந்நீரிலேயே வேகவைத்து எண்ணெயாக்கும் முறை உண்டு. அதில் கிடைக்கும் எண்ணெயில் பிராணவாயு குறைவு. ஆயினும் கிராமத்தளவில் இவற்றைச் சாண எரிவாயுக் கலத்துக்கோ கம்போஸ்டுக்கோ பயன்படுத்துவதே சிக்கனம்.

நிலத்துக்குச் சேர வேண்டிய பங்கு

கழிவு என்று சொல்லப்படுவது நிலத்தின் பார்வையில் கழிவன்று. ஒரு டன் நெல் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை தழைச்சத்தும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் உள்ளன. விற்ற வைக்கோலோடு இவையும் வயலை விட்டுப் போகின்றன. அதோடு மாட்டுத் தீவனமும் போகிறது. மக்காச்சோளத் தட்டையும் அவ்வாறே. மானாவாரி நிலத்தில் தட்டையை மடக்கி உழுவதால் கிடைக்கும் அங்ககச் சத்துக்கு ஈடாக எதையும் கடையில் வாங்க முடியாது.

பருத்தி மாரின் நிலைமை வேறு. கடைசிப் பறிப்புக்குப் பின் மாரை நிலத்தில் விட்டால், காயாத காய்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு தங்கி அடுத்த பயிரைத் தாக்கும். மாரை எப்படியும் அகற்றியே ஆக வேண்டும். வேலி ஓரத்திலும் கண்மாயிலும் மண்டியிருக்கும் சீமைக்கருவேலும் அகற்றப்பட வேண்டியதே. எனவே விற்பதற்கு முதலில் எண்ண வேண்டியவை இவ்விரண்டுமே.

விற்பவர்கள் கவனத்துக்கு

கழிவை வாங்க யாரேனும் முன்வந்தால் விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்:

• விலை பச்சை எடைக்கா, உலர் எடைக்கா? 40 சதவிகிதம் ஈரமுள்ள ஒரு டன் மாரில் உலர்ந்த பொருள் 600 கிலோ. 10 சதவிகிதம் ஈரமுள்ள ஒரு டன்னில் 900 கிலோ. இரண்டுக்கும் ஒரே விலை என்றால், காய வைத்துக் கொடுப்பவருக்கே நஷ்டம்.

• மாரைப் பிடுங்கி, வேர் மண்ணைத் தட்டி, காய்களை நீக்கிக் காய வைத்தால் தரம் உயரும். அந்தத் தரத்துக்கு விலையில் இடம் உண்டா?

• ஏற்றுக்கூலியும் வாடகையும் யார் பொறுப்பு? மார் இலேசான சரக்கு. தூரம் கூடினால் வாடகையே விலையை விழுங்கிவிடும்.

• ஆலையில் மிஞ்சும் கரியையும் சாம்பலையும் திருப்பித் தருவார்களா? பொட்டாசியமும் மணிச்சத்தும் பெரும்பாலும் இவற்றிலேயே தங்குகின்றன. திரும்ப வந்தால் நிலத்துக்கு நல்லது.

டிரம்மை வைத்து வீட்டிலேயே டீசல் எடுக்கலாம் என்று கருவி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. அதில் வருவது மேலே சொன்ன புளித்த கச்சா எண்ணெய்தான். கூடவே எழும் வாயுவில் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடு உள்ளது. எண்ணெயும் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கானது. அதை ஊற்றி எஞ்சினைக் கெடுத்துக் கொண்டால் பழுது பார்க்கும் செலவு, மிச்சம் பிடித்த டீசலைப் போல் பல மடங்காகும்.

ஹைட்ரஜனும் உயர் அழுத்தமும் பெரிய ஆலைகளின் வேலை. காய்ந்த, மண்ணில்லாத, ஈர அளவு தெரிந்த சரக்கைத் திரட்டிக் கொடுப்பது விவசாயிகளின் வேலை. அதற்குரிய விலையைக் கேட்டு வாங்கவும், நிலத்துக்கும் மாட்டுக்கும் உரிய பங்கை முதலில் ஒதுக்கி வைக்கவும் தெரிந்திருந்தால், மிஞ்சியதை விற்பதில் இலாபம் உண்டு. நிலத்தின் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் உர மூட்டை வாங்குவதில் இலாபம் ஏதுமில்லை.