பூச்சுக்கு உள்ளே

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலை மாவனல்லையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. பஹல கடுகண்ணாவையில், அக்காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த வழி இன்றும் சாலையோரம் நிற்கிறது. அதற்கு மேலே, இச்சாலையை அமைப்பதில் பெரும்பங்கு கொண்ட கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம். வருவோரெல்லாம் இவ்விரண்டையும் அண்ணாந்து பார்ப்பார்கள். தங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த சில்லைக் குனிந்து பார்ப்பவர் அரியர். சென்ற மாதம் வரை நானும் பார்த்ததில்லை.

என்னிடம் இருப்பது பழைய ஜப்பானியக் கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி பிறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், உள்ளதைச் செப்பனிட்டு ஓட்டும் கலையை நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். இரண்டு வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில், ஒரு வேலைத்தளத்தில் என் காரின் அலுமினியச் சில்லுகளைப் புதுப்பித்தேன். வெள்ளிபோல் மின்னின. இப்பொழுது அப்பூச்சின் அடியில் புழு ஊர்ந்தாற்போல வெண்கோடுகள் படர்ந்திருந்தன. மழையும், இறக்கத்தில் பிரேக் உதிர்க்கும் சுடுதூளும் சேர்ந்து செய்த வேலை. நண்பர் ஒருவரின் சொற்படி கடுகண்ணாவையில் ஒரு பெரியவரிடம் போனேன்.

"என்ன நிறம் வேண்டும்?" என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். அவரோ, "ஐயா, முதலில் உரித்துப் பார்ப்போம்" என்றார்.

அலுமினியச் சில்லு என்று நாம் சொல்வது தனி அலுமினியமன்று. நூற்றுக்கு ஏழு பங்கு சிலிக்கனும் சிறிதளவு மக்னீசியமும் கலந்த கலப்புலோகத்தில்தான் பெரும்பாலான சில்லுகளை வார்க்கிறார்கள். 1924இல் பிரான்சின் லியோன் நகரப் பந்தயத்துக்குப் புகாட்டி கொண்டுவந்த கார்களில் இத்தகைய வார்ப்புச் சில்லுகள் இருந்தன. பந்தய வீரனின் அணிகலன் இன்று பாடசாலை ஆசிரியனின் வாசலில் நிற்கிறது! வார்த்தபின் அதனை ஏறத்தாழ 540 பாகையில் காய்ச்சி, நீரில் குளிர்வித்து, 150 பாகைக்குச் சற்று மேலே பல மணி நேரம் முதிரவைப்பார்கள். சில்லின் பலமெல்லாம் இந்தப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டிங் தீ பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கெட்டுப்போகும்.

பெரியவர் டயர்களைக் கழற்றினார். பழைய பூச்சை இரசாயனத்தில் ஊறவைத்து நீக்கி, நுண்மணலைக் காற்றால் பீச்சி, உலோகம் சாம்பல் நிறத்தில் வெளிப்படும்வரை துலக்கினார். நான்காவது சில்லின் உள்விளிம்பில் ஒரு தழும்பு தெரிந்தது. அதன்மேல் செந்நிறத் திரவம் ஒன்றைப் பூசிச் சிறிது நேரம் காத்திருந்தார். துடைத்துவிட்டு வெண்தூளைத் தெளித்தார். வெண்மையின் நடுவே மயிரிழைபோல் ஒரு சிவப்புக்கோடு மெல்லக் கசிந்து வந்தது.

"யாரோ விரிசலை வெல்டிங் செய்து, மேலே பூசி விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே மறுபடி விட்டிருக்கிறது" என்றார்.

மின்னிய அந்த வெள்ளியின் கீழே இரண்டு வருஷங்களாக இந்தக் கோடு இருந்திருக்கிறது. என் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எத்தனை முறை இந்த இறக்கத்தில் இறங்கியிருப்பேன்! எனக்குப் பேச்சு எழவில்லை.

"இதற்கு நான் பூசமாட்டேன்" என்று அதைத் தனியே வைத்தார்.

மற்ற மூன்றையும் வெறுமனே ஒருமுறை அடுப்பில் சுட்டெடுத்தார். வார்ப்பின் நுண்துளைகளில் அடங்கிய வாயு முன்னதாக வெளியேறாவிட்டால் பூச்சில் கொப்புளமாய் வெடிக்குமாம். பிறகு தூள். துப்பாக்கி போன்ற கருவியின் முனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். சில்லு புவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மின்னேறிய துகள்கள் தாமே பறந்துபோய் ஒட்டிக்கொள்கின்றன. ஆரங்களின் உட்கோணங்களில் மட்டும் புகத் தயங்குகின்றன. அங்கேதான் கை தேர்ந்திருக்க வேண்டும். சுரை முறுக்கும் துளைகளையும், அச்சோடு பொருந்தும் பின்முகத்தையும் அவர் மூடி வைத்தார். அங்கே பூச்சுப் படிந்தால் நாளடைவில் அது நசுங்கிச் சுரை தளர்ந்துவிடும். அழகைத் தேடிப் போனவனுக்கு இப்படியெல்லாம் ஆபத்து இருப்பது எப்படித் தெரியும்?

அடுப்பில் 200 பாகை. கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. தூள் உருகி, பரவி, இறுகித் தோலாகிறது. "நேரத்தை மறந்தால் பூச்சு மட்டுமல்ல, சில்லும் கெடும்" என்று சொல்லிக் கடிகாரத்தைவிட்டு அவர் கண்ணெடுக்கவில்லை.

சில்லுகள் ஆறும்வரை ரயில் நிலையத்தை அடுத்துள்ள தேசிய ரயில்வே நூதனசாலைக்கு நடந்தேன். இலங்கை ரயில்வேயின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2014 டிசம்பர் 27ஆம் திகதி திறந்தது. 45 அடிக்கு ஓரடி உயரும் இந்த ஏற்றத்தில் 1867இலேயே ரயில் கண்டிக்குப் போய்விட்டது. பழைய இயந்திரங்கள் புதுவர்ணத்தில் நிற்கின்றன. அவற்றின் சில்லுகள் இனி எங்கும் உருளப்போவதில்லை. பூச்சு எதை மறைத்தாலும் குற்றமில்லை. ஓடும் ரயிலுக்கு அப்படியன்று. முற்காலத்தில் நிலையங்களில் நீண்ட சுத்தியலோடு ஒருவர் வந்து ஒவ்வொரு சில்லாகத் தட்டிக் கேட்பார். நல்ல சில்லு மணியோசை தரும். விரிசல் கண்டது மழுங்கி ஒலிக்கும். அந்தத் தொழிலாளிக்குச் செவி. நம் பெரியவருக்குச் செந்நிறத் திரவம்.

திரும்பி வந்தபோது மூன்று சில்லுகள் தயாராயிருந்தன. நான்காவதற்கு அவர் தேடித்தந்த பழைய சில்லு அளவில் ஒத்தது, வடிவத்தில் ஒவ்வவில்லை. அதையும் திரவமிட்டுக் காட்டிய பிறகே பூசினார். விரிசல் விட்டதை யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி என் கண்முன்னேயே அறுத்துப்போட்டார்.

"நூறு கிலோமீற்றர் ஓடியதும் சுரைகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், ஐயா."

பள்ளிக்கூட வாசலில் மாணவர்கள் என் காரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மூன்று ஒருவகை, ஒன்று வேறுவகை. நான் மாற்றுவதாக இல்லை.