மண் பறந்த நாட்டின் பாட்டுகள்

இயற்கையைப் பாடும் பாட்டு என்றதும் நிலவும் ஆறும் குயிலுமே எமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. கமக்காரன் அறிந்த இயற்கை அவ்வளவுதானா? பொய்த்துப் போன மழையும், கதிர் பறியும் நேரத்தில் வீசும் காற்றும் இயற்கைதான். அந்த இயற்கையிலிருந்து, அதுவும் ஊரை விட்டு வெளிக்கிட்ட கமக்காரரிடையே பிறந்த சில பாட்டுகளைப் பற்றி இம்முறை எழுதுகிறோம். அவை 1930களின் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இன்றும் அங்கே பாடப்படுகின்றன.

அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஒக்லஹோமா, ரெக்சாஸ், கன்சாஸ் ஆகிய மாநிலங்களில், மரமில்லாத பெரும் புல்வெளிகள் இருந்தன. அந்தப் புல்லின் வேர் ஆழமாக ஓடி மண்ணை இறுகப் பிடித்திருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. புல்லைப் புரட்டிப் போட்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை உழுது கோதுமை விதைத்தார்கள். பின்னர் விலை விழுந்தது. 1931 முதல் மழையும் இல்லை. பயிரும் இல்லாமல் புல்லும் இல்லாமல் கிடந்த மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. 1934 மே மாதத்தில் அந்தத் தூசி நியூயோர்க் நகரம் வரை போய் விழுந்தது.

எல்லாவற்றிலும் கொடிய புயல் 1935 ஏப்ரல் 14ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டப்பகலில் விளக்கேற்றினாலும் பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. உலகம் முடியப் போகிறது என்றே பலர் நம்பினார்கள். ரெக்சாஸ் மாநிலத்தின் பம்பா என்னும் சிற்றூரில் வூடி கத்ரி என்ற இளைஞர் அப்போது இருந்தார். வயது 22. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதும் கிற்றார் வாசிப்பதும் அவர் தொழில். அயலவர் ஒருவருக்கொருவர் பிரியாவிடை சொன்ன அந்த நாளை அவர் ஒரு பாட்டாக்கினார். அழுகைப் பாட்டல்ல, பகிடிப் பாட்டு. இருட்டில் வேதவசனத்தை வாசிக்க முடியாத போதகர், கண்ணாடியை மடித்து வைத்துவிட்டுக் காணிக்கை எடுக்கத் தொடங்கியதையும் அதில் சேர்த்திருக்கிறார். (எமது பத்திரிகையில் இதை மறைப்பது நேர்மையாகாது!) தூசி நெஞ்சில் இறங்கி வரும் நியுமோனியாக் காய்ச்சலால் அக்காலத்தில் பலர் இறந்தார்கள். அதைப் பற்றியும் பாடினார். அதிலும் பகிடி குறையவில்லை. கஷ்டப்பட்டவர்களுக்கு மட்டும் விளங்கும் பகிடி அது.

அந்தப் பத்தாண்டில் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறியோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்பர். எல்லோரையும் துரத்தியது தூசிதான் என்று நினைத்தால் பிழை. ஒக்லஹோமாவின் கிழக்குப் பகுதியில் தூசிப் புயல் அவ்வளவாக இல்லை. அங்கே குத்தகைக்கும் வாரத்துக்கும் பருத்தி செய்தவர்களே பெருந்தொகையாக வெளியேறினார்கள். விலை விழாமல் இருக்க விதைப்பைக் குறைக்கும்படி 1933 முதல் அரசாங்கம் பணம் கொடுத்தது. பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரர் கைக்குப் போயிற்று. அவர்கள் குடிகளை எழுப்பிவிட்டு உழவு இயந்திரம் வாங்கினார்கள். கத்ரி இதையும் விடவில்லை. ஒரு பாட்டில் புயல், வரட்சி, நிலச்சொந்தக்காரர், உழவு இயந்திரம், அடைவுகடை என்று தம்மை அழிக்க வந்த எல்லாவற்றையும் வரிசையாக எண்ணுகிறார். காற்றின் மேல் மட்டும் பழியைப் போட்டிருந்தால் அந்தப் பாட்டு பலருக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெளியேறியோரில் பெருந்தொகையானோர் பழைய கார்களில் பாயும் சட்டி பானையும் ஏற்றிக்கொண்டு மேற்கே கலிபோர்னியாவுக்குப் போனார்கள். 1936இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பொலிசார் மாநில எல்லைக்கே போய் நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பழத்தோட்டம், பருத்தித் தோட்டம் என்று கூலிக்கு அலைந்தவர்களுக்கு உள்ளூரார் வைத்த பெயர் ‘ஓக்கி’. அது வசைச்சொல். பின்னர் அரசாங்கம் முகாம்கள் அமைத்தது. அந்த முகாம்களில் மாலை வேளையில் பாட்டு இருந்தது. றோணியோவில் அடித்த முகாம்ப் பத்திரிகைகளில் அவர்களே கட்டிய கவிகள் வந்தன. 1940இலும் 1941இலும் சாள்ஸ் ரொட், றொபேட் சொன்கின் என்ற இருவர் பாரமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போய் அந்தப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. கூலிக்காரரின் குரல் என்று ஒதுக்காமல் பாதுகாத்தார்களே, அது பெரிய காரியம். பாட்டுக்கு மெட்டுத் தேடி அவர்கள் அலையவுமில்லை. பாட்டன் பாட்டி பாடிய மெட்டிலும் தேவாலயப் பாட்டின் மெட்டிலும் புதுச் சொற்களை ஏற்றினார்கள். கத்ரி செய்ததும் அதுதான். அவருடைய தூசிப் பாட்டுகள் 1940இல் இசைத்தட்டாக வெளிவந்தன.

அடுத்த ஆண்டு நடந்ததையும் சொல்லவேண்டும். வடமேற்கே கொலம்பியா நதியில் கிராண்ட் கூலி என்ற பேரணையை அரசாங்கம் கட்டிக்கொண்டிருந்தது. மின்சாரத்துக்கும் நீர்ப்பாசனத்துக்கும் ஆதரவு திரட்ட, மின்சார விநியோக நிர்வாகம் 1941 மே மாதத்தில் கத்ரியை ஒரு மாதம் வேலைக்கு வைத்தது. சம்பளம் 266 டொலர் 66 சதம். அவர் 26 பாட்டுகள் கட்டினார். அவற்றில் நதியின் வேகமும் மலையின் பனியும் அழகாக வருகின்றன. ஊரூராக அலைந்து அறுவடை செய்யும் கூலிக்காரரைப் பற்றிய மிக நல்ல பாட்டும் அவற்றுள் ஒன்று. தண்ணீர் வந்தால் காணியிழந்தவனுக்கு மீண்டும் ஒரு துண்டு நிலம் கிடைக்கும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். வரண்ட மண்ணில் நின்று பார்த்தவன் அணைக்கட்டைப் பாடாமல் எப்படி இருப்பான்?

ஆனால் அந்த நதி யாருமில்லாத நதியல்ல. கொல்வில், ஸ்போகேன் என்னும் பூர்வீக மக்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடும் சமன் மீனே அவர்களின் சோறு. கெற்றில் நீர்வீழ்ச்சி அவர்கள் கூடி மீன் பிடிக்கும் இடம். அணையில் மீன் ஏறிப் போக வழி வைக்கவில்லை. நீர்வீழ்ச்சி மூழ்கப் போகிறது என்று தெரிந்ததும், 1940 யூன் மாதத்தில் பல இனத்தவர் அங்கே ஒன்றுகூடி மூன்று நாள் துக்கம் காத்தார்கள். கத்ரி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அந்தத் துக்கத்தை அவர் பாட்டுகளில் நாம் காணவில்லை. தூசியை அவர் தின்றார், அதனால் அந்தப் பாட்டுகளில் ஒன்றும் தப்பவில்லை. நதியை அவர் காரில் ஏறிப் போய்ப் பார்த்தார். நதிப் பாட்டுகளில் ஒன்றை 1987இல் வாசிங்டன் மாநிலம் தன் நாட்டார் பாட்டாக ஏற்றுக்கொண்டது.

கிராண்ட் கூலியின் பெரிய வாய்க்கால்களில் வயலுக்குத் தண்ணீர் ஓடத் தொடங்கியது 1952இல்தான். தூசி நிலத்திலிருந்து வந்தவர்களில் பலர் அதற்குள் நகரத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். மேல்நதியில் சமன் மீன் இல்லாமல் எண்பது ஆண்டுகள் போயின. 2019 ஓகஸ்டில் கொல்வில் மக்கள் சில டசின் மீன்களை வண்டியில் ஏற்றிச் சென்று, அணைக்கு மேலே நதியில் விட்டார்கள்.