வகைப்படுத்தலும் வாசகரும்: சஞ்சிகைக் கட்டுரைகளின் பொருளடைவு பற்றிய சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழ் ஆய்வுச் சிந்தனையின் கணிசமான பகுதி சஞ்சிகைகளிலேயே வெளிவந்துள்ளது. 1966 இல் தொடங்கிய மல்லிகை, 1975 இல் தொடங்கிய அலை முதலியவற்றை இவ்வகையிற் குறிப்பிடலாம். 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின் வழியாகப் பழைய சஞ்சிகைகள் பல இன்று படிக்கக் கிடைக்கின்றன. எனினும் இதழ்கள் வெளிவந்த வரிசையிலேயே அடுக்கப்படுகின்றன. வாசகரோ பொருள் பற்றியே தேடுகின்றார். பதினைந்தாண்டு இடைவெளியில் வெளிவந்த இரு கட்டுரைகளின் தொடர்பைப் புலப்படுத்த வல்லது பொருளடைவேயாகும்.

வகைப்படுத்தலை நடுநிலையான தொழில்நுட்பமாகக் கருதும் போக்குப் பரவலாக உண்டு. 1876 இல் வெளியான டூயி தசமப் பகுப்பை நோக்கின் இக்கருத்தின் போதாமை புலனாகும். அதில் சமயத்துக்குரிய 200களுள் 220 முதல் 280கள் வரை கிறித்தவத்துக்கு உரியன. ஏனைய சமயங்கள் யாவும் 290களுள் அடங்குகின்றன. ஆங்கில இலக்கியம் 820 என்னும் மூவிலக்கத்தைப் பெற, தமிழிலக்கியம் 894.811 ஆகின்றது. பகுப்புமுறை, தன்னை உருவாக்கிய சமூகத்தின் உலகநோக்கையே பிரதிபலிக்கின்றது.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நாட்டார் பாடல்கள் பற்றிய கட்டுரையொன்றை எடுத்துக்கொள்வோம். அது நாட்டார் வழக்காறா, தொழிலாளர் வரலாறா, பெண்களின் உழைப்புப் பற்றியதா? நூல் ஒன்று ஒரு தட்டிலேயே நிற்கமுடியும். எனவே ஓரெண் போதுமாயிற்று. அடைவுப் பதிவுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. ஒரே தலைப்பின்கீழ் அதனை அடக்குவோமாயின், பாடலை உழைப்பிலிருந்து பிரித்தவராவோம்.

சீர்காழியிற் பிறந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் இப்பிரச்சினைக்கு விடை கண்டவராவார். 1933 இல் வெளியான அவரது கோலன் பகுப்புமுறை, பொருளொன்றைக் கூறுகளாகப் பிரித்துப் பின் இணைக்கின்றது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படைக் கூறுகளை அவர் பின்னர் வகுத்தார். இவற்றை அடியொற்றி, கட்டுரை ஒவ்வொன்றுக்கும் அதன் மக்கட் பிரிவு, கருப்பொருள், செயற்பாடு, இடம், காலம் ஆகியவற்றைத் தனித்தனியே பதியலாம். மேற்கூறிய கட்டுரை அப்போது தொழிலாளர், பாடல், கொழுந்து பறித்தல், மலையகம், பிரித்தானியர் காலம் என ஐந்து வாயில்களைப் பெறும்.

ஆயினும் கூறுகளைப் பிரிப்பதால் மட்டும் சிக்கல் தீர்வதில்லை. அவற்றுக்கு எப்பெயரைச் சூட்டுவது என்ற வினா எஞ்சுகின்றது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு ‘இந்தியத் தமிழர்’ எனத் தனிப்பிரிவு வகுத்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பான்மையினர் நாடற்றவராயினர். ‘மலையகத் தமிழர்’ என்பதோ இந்நாட்டைத் தமதென உரிமைகோரும் பெயர். ஒரு கட்டுரை முதற்பெயரின் கீழும், மற்றொன்று இரண்டாவதன் கீழும் நிற்குமாயின், ஒன்றைக் கண்டவர் மற்றதைக் காணார். எனவே ‘மலையகத் தமிழர்’ என்பதையே தலைப்பாகக் கொண்டு, ‘இந்தியத் தமிழர்’ என்ற இடத்தில் ‘காண்க: மலையகத் தமிழர்’ எனக் குறித்தல் வேண்டும். ‘பெருந்தோட்டப் பொருளாதாரம்’, ‘குடியுரிமை’ ஆகியவற்றை ‘மேலும் காண்க’ என்பதன்கீழ்ச் சேர்த்தல் பொருந்தும். பழைய பெயரை முற்றாக நீக்குதல் தவறு; அரச ஆவணங்களிலிருந்து வரும் வாசகர் அப்பெயரோடுதான் வருவார்.

வாசகரின் நேரத்தைப் பேணுக என்பது 1931 இல் இரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று. தோட்டத் தொழிற்சங்கத்தில் இயங்கும் ஒருவர், பட்டம் பெற்றவரின் துணையின்றித் தம் மக்களைப் பற்றிய கட்டுரைகளைத் தேடியடைய முடிகின்றதா என்பதே நமது அடைவுகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோலாகும்.