சின்ன விமானங்கள் – 12: கால் நுனியில் பிரேக்

கார் ஓட்டிப் பழகியவர் முதன்முதலாக செஸ்னா 172 விமானத்தில் ஏறி உட்கார்ந்தால், காலடியில் பிரேக்கைத் தேடித் திணறுவார். அங்கே இருப்பவை இரண்டே பெடல்கள். இரண்டும் வால் சுக்கானைத் திருப்புபவை. அவற்றின் மேல் விளிம்பைக் கால் நுனியால் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். இடது பெடல் இடச் சக்கரத்துக்கு, வலது பெடல் வலச் சக்கரத்துக்கு. மூக்குச் சக்கரத்துக்குப் பிரேக்கே கிடையாது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி மாஸ்டர் சிலிண்டர், தனிக் குழாய். ஒரு பக்கம் ஒழுகிப்போனாலும் மறுபக்கம் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் பக்கமாகவே விமானம் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் விமானம் நகர்ந்த முதல் சில அடிகளிலேயே விமானி பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிடுகிறார்.

குழாய்க்குள் இருப்பது 5606 என்ற எண்ணால் அழைக்கப்படும் சிவப்பு எண்ணெய். பெட்ரோலியத்திலிருந்து வருவது. கார் கடையில் கிடைக்கும் டாட் 3 பிரேக் ஆயில் கிளைகால் வகை. இரண்டுக்கும் ஒத்தே வராது. அவசரத்துக்கு அதை ஊற்றினால் விமானத்தின் ரப்பர் ஓ-ரிங்குகள் ஊறி உப்பிக் கெட்டுப்போகும். பெடல் உடனே காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

பெடல் பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். ஏர் எடுக்கும் முறை கார்க்காரர்களுக்கு விநோதமாகத் தோன்றும். சக்கரத்தருகே காலிப்பரின் அடியிலுள்ள திருகில் ஒரு குழாயைப் பொருத்தி, எண்ணெயைக் கீழிருந்து மேலே தள்ளுகிறார்கள். காற்று எப்படியும் மேலே ஏறத்தான் பார்க்கும். எண்ணெய் அதன் போக்கிலேயே அதைத் துரத்திவிடுகிறது.

லைனிங் தேய்ந்து 2.5 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அதை வேகமாகத் தேய்ப்பது பெரும்பாலும் விமானியின் கால்தான். என்ஜினை அதிகம் முடுக்கிவிட்டு, வேகத்தைப் பிரேக்கால் அடக்கியபடி ஓடுபாதைக்குப் போகிறவர்கள் உண்டு. குதிகாலைத் தரையில் ஊன்றி, என்ஜினைக் குறைத்து ஓட்டினாலே போதும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது.

சிர்ரஸ் எஸ்ஆர்22 விமானத்தில் இந்தத் தவறு இன்னும் கொடியது. அதன் மூக்குச் சக்கரம் தன் போக்கில் சுழல்வது. தரையில் மெல்ல ஓடும்போது திருப்புவதற்குப் பிரேக்தான் வழி. ஆகவே சூடும் எளிதில் ஏறும். சூட்டில் ஓ-ரிங் கெட்டு, எண்ணெய் கசிந்து, சக்கரம் தீப்பிடித்த சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அதற்காகவே பிரேக்கில் வெப்பம் காட்டும் சிறு வில்லை ஒட்டியிருக்கிறார்கள். அதன் நடுப்பகுதி கறுத்திருந்தால் லைனிங்கைச் சோதித்து, ஓ-ரிங்கை மாற்ற வேண்டும்.

விமானி புறப்படுமுன் சக்கரத்தருகே குனிந்து பார்ப்பது இதற்காகத்தான். டயரிலோ தரையிலோ சிவப்பு ஈரம் தெரிந்தால், மெக்கானிக் பார்த்துச் சரிசெய்யும்வரை அந்த விமானம் நகரக் கூடாது.

(தொடரும்)