மரத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?

பகலில் கணக்கு, ராத்திரியில் கட்டுரை. இதுதான் அடியேனின் பிழைப்பு. போன வருஷம் ஒரு நாள் காலை பதினொரு மணி. ஏ.சி. அறையில் ஆடிட் மீட்டிங். ‘தேய்மானம்’ என்ற தலைப்பில் எல்லோரும் தேய்ந்து கொண்டிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து!

‘‘தம்பி, மரம் வெட்ட வந்திருக்கோம். மரத்துக்கிட்ட சொல்லிட்டீங்களா?’’

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அங்கே அப்பத்தா காலத்துப் புளியமரம் ஒன்று. பங்காளிகள் நாலு பேருக்குப் பொது. வியாபாரி 18,000 ரூபாய் என்றார். ‘‘சரி’’ என்றோம். ஆளுக்கு 4,500. என் பங்கு முதல் நாளே ஜி-பேயில் வந்து விழுந்துவிட்டது. அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

‘‘என்னண்ணே சொல்லணும்?’’

‘‘வெட்டப் போறோம்னுதான். அதுல குடியிருக்கிறது எதுவா இருந்தாலும் வேற எடம் பாத்துக்கிடணும்ல? வாடகை வீட்டுல இருக்கறவனுக்கே நோட்டீஸ் குடுக்கிறோம்!’’

எதிரே மேனேஜர் முறைத்தார். நான் குரலைத் தாழ்த்தி, ‘‘மீட்டிங்ல இருக்கேன்ணே... நீங்களே சொல்லிடுங்க’’ என்று வைத்துவிட்டேன்.

கல்லும் மரமும் ஆறும் வெறும் பொருளல்ல, அவற்றுக்குள் ஒரு ‘ஆள்’ இருக்கிறார் என்கிற நம்பிக்கைக்கு ‘அனிமிஸம்’ என்று பெயர். எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர் 1871ல் எழுதிய புத்தகத்தில் இந்த வார்த்தையைப் பிரபலமாக்கினார். லத்தீனில் ‘அனிமா’ என்றால் உயிர், ஆன்மா. மனிதன் நாகரிகம் அடைவதற்கு முந்தைய படி இது என்பது டைலரின் கணக்கு. அதாவது, அந்த மரம்வெட்டி அண்ணன் கீழ்ப்படி. ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்த நான் மேல்படி!

அப்படியா?

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி. கம்பெனி என்பவரை நீங்கள் பார்த்ததுண்டா? ஆபீஸைப் பார்த்திருப்பீர்கள், எம்.டி.யைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனியை? அதற்குக் கை கிடையாது, கால் கிடையாது. ஆனாலும் அது சொத்து வாங்கும், கடன் கொடுக்கும், கோர்ட்டுக்குப் போகும். 1897ல் லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில், ‘முதலாளி வேறு, கம்பெனி என்ற ஆள் வேறு’ என்று தீர்ப்பாகிவிட்டது. பி.காம். மாணவன் இன்றைக்கும் உருப்போடுகிற வழக்கு அது. நம்ம கோயில் சாமியும் சட்டப்படி ஓர் ஆள்தான் என்று 1925ல் பிரிவி கவுன்சிலே சொல்லிவிட்டது.

கண்ணுக்கே தெரியாத கம்பெனியில் ஒரு ஆள் இருக்கிறார் என்று நம்பித்தான் மாசம் முதல் தேதி சம்பளத்துக்குக் காத்திருக்கிறோம். கண்ணெதிரே நிழல் கொடுத்து நிற்கிற மரத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்றால் மட்டும் மூடநம்பிக்கையா சார்?

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. ஒடிசாவில் நியம்கிரி என்று ஒரு மலை. உள்ளே பாக்ஸைட். மேலே டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள். அவர்களுக்கு அது மலையல்ல, நியம ராஜா என்கிற தெய்வம். சுரங்கம் தோண்டலாமா என்ற வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. ‘அந்தந்த கிராமசபையே முடிவு செய்யட்டும்’ என்றது 2013ல் வந்த தீர்ப்பு. 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் ‘முடியாது’ என்றன! அடுத்த வருஷம் மத்திய அரசும் அனுமதி மறுத்தது.

நியூஸிலாந்து இன்னும் ஒரு படி மேலே. வாங்கனூயி நதியைத் தங்கள் முன்னோராகவே நினைப்பவர்கள் அங்குள்ள மவோரி மக்கள். தலைமுறை தலைமுறையாகப் போராடினார்கள். 2017ல் அந்த நதி சட்டப்படி ஓர் ஆள் என்று நாடாளுமன்றமே சட்டம் போட்டது. நதியால் வாய் திறந்து பேச முடியாதே? அதன் சார்பில் பேச இரண்டு பேரையும் நியமித்தார்கள்.

நாமும் சும்மா இல்லை. அதே 2017 மார்ச்சில் கங்கையும் யமுனையும் சட்டப்படி ஆட்கள் என்றது உத்தரகாண்ட் ஹைகோர்ட். மாநில அரசு பதறிப்போய் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. வெள்ளம் வந்து உயிர்ச்சேதம் ஆனால் நஷ்டஈடு கேட்டு யார் மேல் கேஸ் போடுவது என்பதும் அதன் கவலைகளில் ஒன்று! ஜூலையில் தடை விழுந்தது. கங்கா மாதா நாலு மாசம்கூட ‘ஆளாக’ இருக்க முடியவில்லை.

அதற்காக, பக்தி இருந்தால் காடு தானாகப் பிழைத்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் அய்யனார் கோயில் காடுகளில் ஒரு சுள்ளி ஒடிக்கவும் பயந்த காலம் உண்டு. இன்றைக்கு வெளியூரில் நாலு காசு பார்த்தவர் நேர்த்திக்கடனாகக் கான்கிரீட் மண்டபம் கட்டுகிறார். தரைக்கு டைல்ஸ் போடுகிறார். இடைஞ்சலாக இருக்கிறது என்று எதை வெட்டுகிறார்? அய்யனார் குடியிருந்த மரத்தை! சாமிக்குப் பிரமோஷன், மரத்துக்கு டிஸ்மிஸ்.

ஆக, கும்பிடுவது வேறு, ஆளாக மதிப்பது வேறு. கும்பிட்டுவிட்டுக் குப்பையையும் கொட்டலாம். ஆளாக மதித்தால் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். அந்தக் கேட்கிற நேரத்தில்தான் கை கொஞ்சம் தயங்கும். ‘வெட்டத்தான் வேணுமா?’ என்று மனசு ஒரு தடவை யோசிக்கும். அந்தத் தயக்கம்தான் இத்தனை நாள் காட்டைக் காப்பாற்றிய வேலி என்று எனக்குத் தோன்றுகிறது. என்னிடம் அது இல்லை. மீட்டிங் மட்டும்தான் இருந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. பெரியப்பா சொன்னார்:

‘‘அந்த ஆளு அன்னிக்கு வெட்டலடா. சூடம் கொளுத்தி, மரத்தைத் தொட்டு என்னமோ பேசினான். நாளைக்குக் காலையில வர்றேன்னு போயிட்டான். கேட்டா, காலி பண்ண ஒரு ராத்திரி டயம் குடுக்கணும்லங்கிறான்!’’

ஒரு நாள் கூலி போச்சு அவருக்கு. அந்த மரத்தின் ஒரு புளியங்காயைக்கூடத் தின்றிராத மனுஷர். தின்றே வளர்ந்த நான் ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை.

பிளஸ் ஒன்னில் படித்த பாடம் ஞாபகம் வந்தது. சொத்துக் கணக்கு என்றால் வெளியே போகிற ‘பொருளை’ வரவு வைக்க வேண்டும். ஆள்சார் கணக்கு என்றால் கொடுத்த ‘ஆளை’ வரவு வைக்க வேண்டும். நாங்கள் நாலு பங்காளிகளும் புளியமரத்தைச் சொத்துக் கணக்கில் எழுதினோம். அந்த அண்ணன் மட்டும் ஆள்சார் கணக்கில் எழுதியிருக்கிறார்.

அன்று ராத்திரி என் நோட்டை எடுத்து, பழைய பதிவை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். ரூபாய் 4,500. கொடுத்தவர்: புளியமரம்.

வேரோடு தோண்டியெடுத்த குழிக்குப் பக்கத்தில் பெரியப்பா ஒரு புளியங்கன்று வைத்திருக்கிறார். ஒரு முழ உயரம். கிளம்புகிற அன்று காலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். சுற்றுமுற்றும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ‘‘போயிட்டு வர்றேன்’’ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.